கணையத்திலிருந்து நுண்ணுயிருக்கு: இன்சுலின் வந்த வழி

நம் சங்கத்து அன்பர்களில் சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்காத வீடு அபூர்வம். ஃபிரிட்ஜ் கதவில் இன்சுலின் குப்பி இருக்கும். அதற்குள் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. 1984-ல் என் தகப்பனாருக்கு டாக்டர் ஊசி எழுதித் தரும் வரை நானும் யோசித்ததில்லை.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்தால் உண்ணாத குடும்பம். அப்பா கேட்ட முதல் கேள்வியே, "இதை எதிலேர்ந்து எடுக்கறாங்க?" என்பதுதான். "மாட்டுக் கணையத்திலேர்ந்து" என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். மூன்று நாள் அப்பா ஊசி போட்டுக்கொள்ளவில்லை. நாலாம் நாள் அம்மா, "உசிரோட இருந்தாத்தானே விரதம் காக்க முடியும்?" என்று அழுத பிறகே கையை நீட்டினார். அன்று தொடங்கியதுதான் பாத்திரக் கடைக்காரனான எனக்கு இந்த விஷயத்தில் படிப்பு.

1921-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்து சாறு எடுத்துச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. காலிப் என்பவர் சுத்தப்படுத்திக் கொடுத்த மருந்துதான் பலித்தது. அதுவரை இந்த வகை நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் காப்பாற்றலாம், அவ்வளவுதான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின் 60 ஆண்டுகள் உலகத்துக்கு இன்சுலின் கொடுத்தவை மாடும் பன்றியும்தான். 8 அவுன்ஸ் இன்சுலினுக்குச் சுமார் 2 டன் கணையம் தேவைப்பட்டது. வியாபாரி கண்ணால் பார்த்தால் இதில் ஒரு சிக்கல் புரியும். இறைச்சி தின்பவர் பெருகினால் சரக்கு பெருகும்; நோயாளி பெருகினால் பெருகாது. 1970-களில் தட்டுப்பாடு வருமோ என்ற பயம் கம்பெனிகளுக்கே வந்தது.

இதற்கிடையில் இங்கிலாந்தில் சாங்கர், இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோர்த்திருக்கின்றன என்று 1955-க்குள் கண்டு சொன்னார். ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. நம் நாட்டில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1970-ல் ஒரு மரபணுவை வேதிப்பொருள்களிலிருந்தே கட்டிக் காட்டினார். 1973-ல் கோஹன், பாயர் இருவரும் ஒரு டி.என்.ஏ. துண்டை வெட்டி, பிளாஸ்மிட் என்னும் வளையத்தில் ஒட்டி, ஈ. கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். பாக்டீரியா பெருகப் பெருக அந்தத் துண்டும் பெருகியது.

பாயரும் ஸ்வான்சன் என்ற முதலீட்டுக்காரரும் 1976-ல் ஜெனன்டெக் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதலில் சோமாடோஸ்டாட்டின் என்ற 14 அமினோ அமிலச் சிறு புரதத்தை முயன்றார்கள். பாக்டீரியா அதை அன்னியப் பொருளென்று சிதைத்துவிட்டது. அதனால் பாக்டீரியாவின் சொந்தப் புரதம் ஒன்றோடு அதை ஒட்டவைத்து மறைத்தார்கள், 1977-ல் வெற்றி. இன்சுலினுக்கும் இதே உபாயம்தான். இரண்டுக்கும் நடுவே மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். அந்த இடத்தில் மட்டும் வெட்டும் வேதிப்பொருள் உண்டு. இன்சுலினுக்குள் மெத்தியோனின் கிடையாது, அதனால் அதற்குச் சேதமில்லை. ஏ சங்கிலியை ஒரு பாக்டீரியாவிலும் பி சங்கிலியை இன்னொன்றிலும் செய்து, எடுத்துச் சேர்த்தார்கள். 1978 ஆகஸ்டில் மனித இன்சுலின் கிடைத்தது. 1982 அக்டோபரில் அமெரிக்க அரசு விற்பனைக்கு அனுமதித்தது.

அதாவது அப்பா மூன்று நாள் பட்ட பாட்டுக்கு இரண்டு வருஷம் முன்பே விடை உலகத்தில் இருந்தது. எங்கள் டாக்டர் கைக்குத்தான் வரவில்லை. அப்பா 1991-ல் காலமாகும் வரை மாட்டு இன்சுலின்தான். இந்தியக் கம்பெனிகளில் வோக்கார்ட் 2003-லும் பயோகான் 2004-லும் ஈஸ்ட் மூலம் மனித இன்சுலினைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தன.

"நுண்ணுயிரும் உயிர்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பெரியவர்கள் அவற்றை ஓரறிவுயிரோடு வைத்துப் பேசுவார்கள். இல்லறத்தாரின் அணுவிரதம், ஈரறிவு முதலான உயிர்களை வேண்டுமென்று கொல்லக்கூடாது என்கிறது. ஓரறிவுயிருக்குத் தேவைக்கு மிஞ்சித் தீங்கு கூடாது என்கிறது. பாவம் பூஜ்யமாகிவிடவில்லை. பரிசோதனைச் சாலையில் உயிர்விட்ட நாய்களையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஆனால் பற்று வரவு பார்த்தால் பாரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

2009-ல் எனக்கும் ஊசி வந்தது. குப்பியில் ஆர்-டி.என்.ஏ. மூலம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன். அன்பர்களே, உங்கள் வீட்டுக் குப்பியிலும் அந்த எழுத்து இருக்கிறதா பாருங்கள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டி, அந்த எழுத்துக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.