நிழல் விளைத்த ஐயம்

இரவுப் பணியில் இரயில் நிலையத்தில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. நடைமேடையின் கோடியில் ஒற்றை விளக்கின்கீழ் ஒருவர் நிற்பார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருள். 'இவர் யாரோ, ஏன் நிற்கிறாரோ' என்று நம் உள்ளம் ஐயுறும். பொழுது புலர்ந்தபின் நோக்கின், உறங்கும் பிள்ளைகளுக்குக் காவலாக நின்ற தந்தையே அவர் என்பது விளங்கும்.

இந்த மனவியல்பைக் கலையாக்கியது திரைப்படம். ஹிட்லரின் ஆட்சியில் நாடு துறந்து, அமெரிக்கா சேர்ந்த கலைஞருள் ஒருவர் பில்லி வைல்டர். 1944இல் அவர் இயக்கிய 'டபுள் இண்டெம்னிட்டி' என்னும் படத்தில், சன்னல் தட்டியின் வரிநிழல் மாந்தர்மீது சிறைக்கம்பி போல் விழும். இத்தகைய குற்றக் கதைகளை 1946இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் 'பிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம், என்றழைத்தனர்.

முறை எளியதே. முகத்திற்கு ஒரு முதன்மை விளக்கும், அதன் நிழலைத் தணிக்க மறுபுறம் ஒரு துணை விளக்கும் வைப்பது வழக்கம். துணை விளக்கைக் குறைத்தால் நிழல் கறுக்கும். அதனுள் மறைந்திருப்பதை நம் அச்சமே இட்டு நிரப்பும். கீழிருந்து ஒளி பாய்ச்சினாலோ, நல்லவர் முகமும் கொடிதாகத் தோன்றும்.

தமிழில் இவ்வழி நின்றது 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் அளித்த 'அந்த நாள்'. இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர், ஒளிப்பதிவு மாருதி ராவ். பாடலோ நடனமோ அதில் இல்லை. 1943இல் சென்னையில் குண்டு விழுந்த நாளையொட்டி வானொலிப் பொறியாளர் ஒருவர் சுடப்பட்டு மாள்கிறார். அண்டை வீட்டார், உடன்பிறந்தான், மனைவி எனப் பலர்மீதும் ஐயம் படர்கிறது. ஒவ்வொருவர் கூற்றுக்கும் ஏற்ப நம் தீர்ப்பு மாறுகிறது. குற்றவாளி யாரென நாம் உரைப்பின், இனிக் காண்போர்க்குச் சுவை குன்றும். அப்படம் வசூலில் வெற்றி காணவில்லை. ஆயினும் தேசிய விருதில் நற்சான்றிதழ் பெற்றது.

நாம் வாழும் பெங்களூருக்கும் இக்கலையில் பங்குண்டு. மைசூரில் பிறந்த வி.கே. மூர்த்தி ஒளிப்பதிவு பயின்றது இந்நகரின் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர தொழிற்கல்விக்கூடத்தில். இந்நகரிற் பிறந்த குரு தத்துடன் பம்பாயில் இணைந்து, 1956இல் 'சி.ஐ.டி.' என்னும் துப்பறியும் படத்தை ஒளியமைத்தார். 1959இல் 'காகஸ் கே பூல்' படத்திற்காகக் கண்ணாடிகளால் கதிரொளியைத் திருப்பி, இருண்ட அரங்கினுள் ஒரே கற்றையாகப் பாய்ச்சினார். 2008ஆம் ஆண்டிற்கான தாதாசாகிப் பால்கே விருது பெற்ற இவர், 2014இல் இந்நகரிலேயே மறைந்தார்.

திரையில் நிழலைக் கண்டு ஐயுறுவது இன்பம். வாழ்விலோ அது தீங்கு. பிழைப்பு நாடி வந்த நம்மையும், நம்மை ஏற்ற அண்டை அயலாரையும் பிறர் சொல்லும் அரைவெளிச்சத்தில் நோக்குதல் தகாது. ஐயம் எழும்போது அவர் வாயிற்படி ஏறி, முகம் பார்த்துப் பேசுவோம். நடைமேடையில் நின்ற தந்தையை நாம் அறிந்ததும் விடிந்த பின்னர் அன்றோ!