படகு மோட்டாரும் கோலார் தங்கவயலும்

சிறு படகொன்றுக்குக் குறைந்த செலவில் வீட்டிலேயே மோட்டார் அமைக்க இயலுமா என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இயலும். 12 வோல்ட் மோட்டார் ஒன்று, அதனோடு இணைந்த நீண்ட தண்டு, தண்டின் நுனியில் நீரைத் தள்ளும் விசிறி, மின்சாரம் தரும் பாட்டரி ஆகியவையே அதன் உறுப்புகள். கைத்திறன் உடையோர்க்கு இது பெருங்காரியமன்று. ஆயினும் அதைச் சுழற்றும் மின்சாரத்தை மலிவாகப் பெறுவதே அரிது. இவ்வுண்மை முதன்முதலில் ருஷ்ய நாட்டு நதியொன்றில் வெளிப்பட்டது. அதற்கு நம்மவர் கண்முன் விடை கிடைத்த இடம், தமிழர் பல்லாயிரவர் குடியேறி வாழ்ந்த கோலார் தங்கவயல்.

ஜெர்மனியில் பிறந்த மோரிட்ஸ் யாக்கோபி என்னும் அறிஞர் 1834ஆம் ஆண்டில் மின்சார மோட்டார் ஒன்றை உருவாக்கினார். 1838இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா நதியில், துடுப்புச் சக்கரம் பொருத்திய படகொன்றை அவர் மின்சாரத்தால் செலுத்திக் காட்டினார். ஏறக்குறைய 12 பேரைச் சுமந்து, நீரோட்டத்தை எதிர்த்து அப்படகு மெல்ல நகர்ந்தது. கண்டோர் வியந்தனர். ஆனால் அப்படகின் பாட்டரிகளில் துத்தநாகம், அடுப்பில் விறகு எரிவதுபோல், கரைந்து தீர்ந்துகொண்டே இருந்தது. நிலக்கரியைவிடத் துத்தநாகம் பன்மடங்கு விலை உயர்ந்தது. எனவே நீராவிப் படகுகளோடு போட்டியிட மின்படகால் இயலாது போயிற்று.

தங்கவயலிலும் இதுபோன்ற இடர்ப்பாடு எழுந்தது. 1880க்குப் பின் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்களில் நீராவி யந்திரங்களே உழைத்தன. அவற்றிற்கு விறகும் நிலக்கரியும் இடையறாது வேண்டியிருந்தன, செலவோ பெருகிற்று. அப்பொழுது மைசூர் திவானாயிருந்த சேஷாத்ரி ஐயரின் ஆதரவில், சிவசமுத்திரத்தில் வீழும் காவிரியைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம் உருப்பெற்றது. பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் அதனை முன்னின்று நடத்தினார். திட்டம் நிறைவேறுமுன், 1901இல், சேஷாத்ரி ஐயர் காலமானார். 1902 ஜூன் 30 அன்று, சுமார் 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகளின் வழியே மின்சாரம் தங்கவயலை அடைந்தது.

அதன் பயன் யாது? படகில் மோட்டார் விசிறியைச் சுழற்ற, விசிறி நீரைத் தள்ளுகிறது. சிவசமுத்திரத்திலோ நீர் சக்கரத்தைத் தள்ள, சக்கரம் மின்சாரம் தருகிறது. ஒரே செயல் தலைகீழாக நிகழ்கிறது. எரித்துத் தீர்க்க வேண்டிய பொருள் இங்கு ஏதுமில்லை. யாக்கோபியைத் தடுத்த தடை இங்ஙனம் நீங்கிற்று. தங்கப்பாறையை இடிக்கும் உலக்கை யந்திரங்களும், பின்னர் பிற யந்திரங்களும் மோட்டாரால் இயங்கலாயின.

ஆயினும் மற்றொரு கணக்கை நாம் மறத்தலாகாது. சுரங்கங்கள் மேன்மேலும் ஆழ்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆழம் மிகுந்தபோது வெப்பமும் பாறை வெடிப்பும் மிகுந்தன. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற நம் மக்கள், அவருள்ளும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தினர், அந்த இருளில் உழைத்தனர். மின்சாரத்தின் விலை குறைந்தது. அவர்கள் தந்த விலை குறையவில்லை. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன.

இன்று சூரிய ஒளித் தகட்டால் பாட்டரியை நிரப்பி, சிறு படகை ஓட்டலாம். அதனைச் செய்ய முனைவோர் மோட்டாரின் விலையோடு நின்றுவிடாது, அதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது, அதன் விலையை யார் தருகிறார் என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக. தங்கவயலில் வாழ்ந்த நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.