ஸ்வமக்னதா: ஒரு சொல்லும் சில பெற்றோர் சங்கங்களும்

ஆட்டிசத்துக்கு மராத்தியில் வழங்கும் சொல் ‘ஸ்வமக்னதா’. ‘ஸ்வ’ என்றால் தான்; ‘மக்ன’ என்றால் மூழ்கிய. இந்தியில் ‘ஸ்வலீனதா’, தன்னுள் கரைந்த நிலை. தமிழில் ‘மதியிறுக்கம்’, ‘தன்முனைப்புக் குறைபாடு’ எனப் பல சொற்கள் புழங்குகின்றன. அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற தொடரும் உண்டு. இவற்றின் மூதாதை, சுவிஸ் மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர் 1911ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்ட சொல். ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்க ‘ஆட்டோஸ்’ என்பதிலிருந்து அதை அவர் அமைத்தார். மனச்சிதைவு உடையோரிடம் காணப்பட்ட ஓர் அறிகுறிக்கே அன்று அது பெயராக இருந்தது.

இச்சொற்கள் அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு. ஒருவர் தமக்குள் ஒடுங்கிவிட்டார் என்று வெளியே நிற்பவர் கூறும் கூற்றாகவே அவை அமைந்துள்ளன. அவருடன் ஒரே வீட்டில் வாழ்வோர் இச்சொற்களில் இடம்பெறவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்றவை பெற்றோர் சங்கங்கள். அவற்றின் வரலாற்றைப் புனே நகரை முன்வைத்துப் பார்க்கையில் ஒரு சொல்லின் வரலாறும் ஒரு சட்டத்தின் வரலாறும் ஒருங்கே புலப்படுகின்றன.

1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக வரையறுத்த தொடக்க எழுத்துகளுள் முதன்மையானது. அக்குழந்தைகளின் பெற்றோரிடம் அன்பின் வெம்மை குறைவு என்றும் அவர் குறிப்பிட்டார். அக்குறிப்பு பின்னர் ஒரு கோட்பாடாகவே வளர்ந்தது. சிகாகோவில் குழந்தைகள் சிகிச்சைப் பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல், தாயின் உணர்ச்சிக் குளிர்ச்சியே காரணம் என்ற கருத்தைப் பரவலாக்கியது. குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தாய் குற்றவாளியாக வீடு திரும்பினாள்.

சங்கங்கள் இந்தச் சூழலில்தான் தோன்றின. 1962இல் இலண்டனில் பெற்றோர் ஒன்றுகூடித் தொடங்கிய அமைப்பே இன்றைய பிரித்தானியத் தேசிய ஆட்டிசச் சங்கம். அமெரிக்காவில் 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசத்தின் காரணம் நரம்பியல் சார்ந்தது என வாதிடும் நூலை வெளியிட்டார். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உடைய மகனின் தந்தை. மறு ஆண்டே தேசியச் சங்கம் ஒன்று உருவாக முன்னின்றார். 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் கானர் நேரில் தோன்றிப் பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவித்துப் பேசினார். வழிகாட்டுதலும் பயிற்சியும் பின்னர் வந்தவை. பழியை மறுப்பதே இச்சங்கங்களின் முதற்பணியாக இருந்தது.

இந்தியாவில் இதற்கு ஒப்பான தொடக்கம் 1991. அவ்வாண்டு தில்லியில் மெரி பருவா என்னும் தாய் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இங்கு சங்கம் எதிர்கொண்ட சிக்கல் வேறு வகையானது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு நிலைகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. சலுகை பெற விரும்பிய குடும்பங்கள் பெரும்பாலும் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற சான்றிதழையே நாட வேண்டியிருந்தது. அதாவது, பெயரே இல்லாத ஒன்றுக்கு உதவி கோர வேண்டிய நிலை.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. ஆட்டிசம் என்ற சொல் அச்சட்டத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றது. அதனினும் கருதத்தக்கது அதன் 12ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிகளின் சங்கம், பெற்றோர் சங்கம், தன்னார்வ அமைப்பு ஆகிய மூன்றும் பதிவு பெறலாம் என்கிறது அப்பிரிவு. இவ்வாறு பதிவுபெற்ற அமைப்புகளிலிருந்து அறக்கட்டளையின் வாரியத்துக்கு உறுப்பினர்கள் நியமிக்கப்பட வேண்டும். யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் மாதம் ஒருமுறை கூடிய பெற்றோர் குழு, சட்டத்தின் பார்வையில் ஒரு தரப்பாக ஆனது.

புனேயைப் பொறுத்தவரை, இத்தகைய குழுக்களுக்கு உரிய நிலம் முன்பே பண்பட்டிருந்தது. ஒரு துன்பத்தைச் சங்கமாக்கும் பழக்கம் அந்நகருக்குப் புதிதன்று. கைம்பெண்களுக்கான இல்லத்தைக் கார்வே தொடங்கியது 1896இல். 1986இல் அனில் அவசட் இணையர் போதைமீட்புக்கான முக்தாங்கணைத் தொடங்கியபோது எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே பொருளுதவி செய்தார். அடிமைப்பட்டவர்களின் மனைவியருக்கு ‘சஹசரி’ என்ற தனிக்குழு அங்கு அமைந்தது. நோயாளிக்கு அப்பால் குடும்பமும் ஆதரவு தேடும் தரப்பு என்ற எண்ணம் அதில் உறுதிப்பட்டது. 1997இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜகன்னாத் வாணியின் முயற்சியால் புனேயில் ஸ்கிசோஃப்ரினியா விழிப்புணர்வுச் சங்கம் உருவானது. மனைவியின் நோயுடன் வாழ்ந்தவர் அவர். சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் இயக்கிய ‘தேவ்ராய்’ (2004) திரைப்படத்தின் பின்னணியிலும் அவருடைய முனைப்பு இருந்தது. இத்தகைய குழுக்களுக்கு மராத்தியில் ‘ஸ்வமதத் கட்’ என்று பெயர்: தமக்குத் தாமே உதவிக்கொள்ளும் குழு. ‘ஸ்வமக்ன’ என்பதில் தனிமையைக் குறித்த அதே ‘ஸ்வ’ இங்கே கூட்டைக் குறிக்கிறது.

ஆட்டிசத்துக்கெனப் புனேயில் பிரசன்ன ஆட்டிசம் மையம் போன்ற தனி அமைப்புகள் பின்னர் உருவாயின. அதற்கு முன்பு, காமாயனி போன்ற அறிவுசார் குறைபாட்டுக்கான சிறப்புப் பள்ளிகளே குடும்பங்களுக்குத் தெரிந்த வாயில்கள். குழு எங்கே கூடுகிறது என்ற செய்தி பெரும்பாலும் வாய்மொழியாகவே பரவும். பேச்சுப் பயிற்சிக்குக் காத்திருக்கும் கூடத்தில் ஒரு தாய் மற்றொரு தாயிடம் சொல்வதே அதன் வழக்கமான வழி. அந்தச் சொல் எந்த மொழியில் சொல்லப்படுகிறது என்பது இங்கு முக்கியமாகிறது. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மராத்தி தெரியும். ஹிஞ்சவடியின் மென்பொருள் வளாகங்களை நம்பி அண்மையில் குடியேறியோருக்குப் பெரும்பாலும் தெரியாது. மராத்தியில் நடக்கும் கூட்டத்தில் அவர்கள் தகவலைப் பெறலாம். மனச்சுமையை இறக்கிவைத்தல் அரிது.

இதனோடு மற்றோர் அறிவுரையும் சேர்கிறது. குழந்தை குழம்பிவிடும், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள் என்று பன்மொழிக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் கூறப்பட்டுவந்தது. பெரும்பாலும் அந்த ஒரு மொழி ஆங்கிலமாகிவிடும். இருமொழிச் சூழல் ஆட்டிசம் உடைய குழந்தைகளின் மொழி வளர்ச்சியைப் பின்னடையச் செய்வதில்லை என்றே இதுவரையிலான ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியின் தமிழை வீட்டிலிருந்து அகற்றினால், குழந்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஓர் உறவும் குறைந்துபோகும்.

சங்கங்களில் மீண்டும் மீண்டும் எழும் வினா ஒன்று: ‘எங்களுக்குப் பின் யார்?’ 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காப்பாளர் என்ற விடையைத் தந்தது. மாவட்ட ஆட்சியர் நிலை அலுவலர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவர் அடங்கிய உள்ளூர்க் குழு, பதினெட்டு வயது கடந்தவருக்கும் காப்பாளரை நியமிக்கலாம். பெற்றோருக்கு இது பெரும் ஆறுதல். ஆட்டிசத்தைத் தனி நிலையாக ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, மாற்றுத்திறனாளியுடன் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாண்மையை முன்வைக்கிறது. இரு சட்டங்களும் இன்று உடன் வாழ்கின்றன. ஒன்று பெற்றோரின் அச்சத்துக்கு விடை சொல்கிறது. மற்றொன்று மகனின் அல்லது மகளின் விருப்பம் என்ன என்று கேட்கிறது.

இவ்விரு குரல்களின் பிணக்கு உலகளாவியது. 1992இல் ஆட்டிசம் உடையோரே நடத்தும் அமைப்பொன்றைப் பிறருடன் சேர்ந்து தொடங்கிய ஜிம் சின்கிளேர், மறு ஆண்டு டொரண்டோ மாநாட்டில், எங்களுக்காகத் துக்கம் காக்க வேண்டாம் எனப் பெற்றோரிடம் வேண்டினார். இந்தியச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அவ்வகைச் சங்கத்துக்கும் இடமளிக்கிறது. ஆயினும் இங்கு பெற்றோரின் குரலே நெடுங்காலம் ஓங்கி ஒலித்திருக்கிறது. தமிழில் எஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’, லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’ ஆகியவையும் பெற்றோர் எழுதிய நூல்களே. பழியைச் சுமந்த தரப்பு முதலில் பேசத் தொடங்கியது இயல்பு. அந்தப் பேச்சு இல்லையெனில் சட்டத்தில் அச்சொல் இடம்பெற்றிராது.

‘மக்ன’ என்பது பக்தி மரபில் பழிச்சொல்லன்று, பாராட்டு. ‘ஆழ்வார்’ என்ற பெயருக்கு மரபு தரும் பொருளும் அதற்கு நெருக்கமானது. மூழ்கியவர் எதில் மூழ்கியிருக்கிறார் என்று அங்கு கேட்கப்பட்டது. புனேயின் ஆதரவுக் குழுக்களில் பெற்றோரின் நாற்காலிகளுக்கு அருகே அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளுக்கும் நாற்காலிகள் போடப்படும்போது, அந்தக் கேள்வியை அவர்களிடமே கேட்க முடியும்.