இல்லாத பாகம் ரிப்பேர் ஆகாது: டாச்சியாவின் கதை

புதுசா கார் வாங்கப் போறவங்க கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: "விலை கம்மியா இருக்கே, நம்பி வாங்கலாமா?" இதுக்கு ஆமாம், இல்லைன்னு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால் இன்னைக்கு ஒரு கம்பெனியின் கதையைச் சொல்றேன். கதை முடியும்போது கேள்வியே கொஞ்சம் மாறியிருக்கும்.

ருமேனியாவின் டாச்சியா. நம்ம ஊர் ரோட்டில் இந்தப் பெயரை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஆனால் அதன் கார்களைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. எப்படின்னு பின்னாடி வர்றேன்.

முதல்ல பெயர். இன்றைய ருமேனியா இருக்கும் நிலப்பகுதிக்கு ரோமானியர் காலத்தில் டாச்சியா என்று பெயர். கி.பி. 106-இல் ரோமப் பேரரசன் டிராஜன் போரிட்டுப் பிடித்த நாடு அது. அந்தப் பழம்பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள். சேரன், சோழன், பாண்டியன்னு நாம பஸ்ஸுக்குப் பெயர் வச்சோமே, அந்த மாதிரி.

கடன் வாங்கிய டிசைன்

1965-இல் சௌசெஸ்கு ருமேனிய கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்தார். நாட்டுக்குச் சொந்தமா ஒரு கார் வேணும் என்பது அன்றைய அரசின் திட்டம். சோவியத் பக்கம் போகாமல் பிரான்சின் ரெனோ கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கினார்கள். பிட்டெஷ்ட் நகரத்துக்குப் பக்கத்தில், இன்று மியோவெனி என்று அழைக்கப்படும் ஊரில், 1966-இல் தொழிற்சாலை வேலை தொடங்கியது.

அவர்கள் கேட்டது ரெனோ 12. ஆனால் பிரான்சிலேயே அது இன்னும் தயாராகவில்லை. அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னு, பழைய ரெனோ 8 காரின் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி, 1968 ஆகஸ்டில் டாச்சியா 1100 என்று விட்டார்கள். முதல் கார் போனது சௌசெஸ்குவுக்கு. அடுத்த வருஷம், 1969-இல், ரெனோ 12-ஐ அடிப்படையாகக் கொண்ட டாச்சியா 1300 வந்தது. 1,289 சிசி இன்ஜின், 54 குதிரைத்திறன். பாரிஸில் ரெனோ 12 அறிமுகமான அதே வருஷம்! ருமேனியாக்காரர் கையில் கிடைத்தது அன்றைய தேதிக்கு நவீனமான கார். இதை மனசில வச்சுக்கோங்க. டிசைன் மட்டமா இருந்ததால அந்தக் காருக்குக் கெட்ட பேர் வரலை.

பின்னே எதனால வந்தது? லைசென்ஸ் ஒப்பந்தம் 1978-இல் முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றங்களை அவர்களே செய்தார்கள். 1310 என்று பெயரும் மாறியது. 1980-களில் சௌசெஸ்கு நாட்டின் வெளிநாட்டுக் கடன் முழுவதையும் அடைத்தே தீருவது என்று இறங்கினார். விற்கக்கூடியதெல்லாம் ஏற்றுமதிக்குப் போனது. உள்நாட்டில் ரொட்டிக்கும் கியூ, கரண்டும் இல்லை. கார் தொழிற்சாலைக்கு மட்டும் நல்ல இரும்பும் நல்ல ரப்பரும் எங்கிருந்து வரும்? பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார் சீக்கிரமே துருப்பிடித்தது, கதவு சரியாகப் பொருந்தவில்லை, ஒயரிங் தகராறு செய்தது. வாங்கினவங்களுக்கும் நிம்மதி இல்லை. பெட்ரோலுக்கு ரேஷன். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வாரம் ஒற்றைப்படை நம்பர் கார் ஓடலாம், அடுத்த வாரம் இரட்டைப்படை.

இவ்வளவுக்கும் மத்தியில் அந்தக் கார் ஓடிக்கொண்டே இருந்தது. காரணம், ஓனரே மெக்கானிக் ஆனதுதான். டிக்கியில் ஸ்பேனர் செட்டும் சில உதிரிபாகமும் இல்லாமல் யாரும் தூரப் பயணம் கிளம்பவில்லை. ஊர் முழுக்க ஒரே கார் என்பதால் ஒருவருக்குத் தெரிந்த வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம்ம ஊரில் அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை.

சின்னச் சின்ன மாற்றங்களோடு இந்தக் குடும்பம் 2004 வரை, அதாவது 35 வருஷம் தயாரானது. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் வண்டிகள். கெட்டுப்போகும், ஆனால் நடுத்தெருவில் அநாதையா விடாது. நம்பகத்தன்மையில் இதுவும் ஒரு வகைன்னு நான் நினைக்கிறேன்.

ரஷ்யாவில் பார்த்த விலைச்சீட்டு

1989-இல் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தது. எல்லை திறந்ததும் மேற்கு ஐரோப்பாவின் பழைய கார்கள் உள்ளே வந்தன. டாச்சியாவுக்கு இருந்த ஒரே பலம், வேறு போட்டியே இல்லை என்பதுதான். அதுவும் போச்சு. 1999-இல் ரெனோவே திரும்பி வந்து 51 சதவீதப் பங்கை வாங்கியது.

ஏன் வாங்கியது? அப்போது ரெனோவின் தலைவர் லூயி ஷ்வைட்ஸர். 1997-இல் அவர் ரஷ்யாவுக்குப் போனார். அங்கே சுமார் 6,000 டாலருக்கு லாடா கார்கள் நன்றாக விற்பதைப் பார்த்தார். அதைவிடப் பல மடங்கு நவீனமான ரெனோ, விலை காரணமாக விற்காமல் நின்றது. அதே 6,000 டாலரில் ஒரு நவீன கார் செய்ய முடியுமா என்ற கேள்வியோடு திரும்பினார். அதற்கான பதில்தான் 2004-இல் மியோவெனியில் வெளிவந்த லோகன்.

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். விலையைக் குறைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எல்லாத்தையும் வச்சு, ஒவ்வொண்ணையும் மட்டமா செய்றது. இன்னொண்ணு, பாதியை விட்டுட்டு, மீதியை ஒழுங்கா செய்றது. 1980-களின் டாச்சியா முதல் வழி. பஞ்சம் அதை அப்படித் தள்ளியது. லோகன் ரெண்டாவது வழியில் போனது.

லோகனின் சைடு மிரரைப் பாருங்க. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஒரே மிரர்தான். ஒரு அச்சு மிச்சம். முன் கண்ணாடி வளைவு குறைவாக, கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். வளைவு குறைந்தால் செய்வது சுலபம், செலவு கம்மி. டேஷ்போர்டு ஒரே வார்ப்பு. பேஸ் மாடலில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏசி கிடையாது, ஜன்னலைக் கையால் சுற்ற வேண்டும். ஆனால் இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் சோதனை முயற்சி எதுவும் இல்லை. ரெனோவின் மற்ற கார்களில் வருஷக்கணக்கில் ஓடித் தேறியதையே எடுத்து வைத்தார்கள். அஞ்சு பேர் தாராளமாக உட்காரலாம், 510 லிட்டர் டிக்கி.

பவர் விண்டோ இல்லாத காரில் பவர் விண்டோ மோட்டார் எரியாது. ஏசி இல்லாத காரில் கேஸ் லீக் ஆகாது. இல்லாத பாகம் ரிப்பேர் ஆகாது. லோகனின் மொத்த ரகசியமும் இதுதான்.

முதலில் ஏழை நாடுகளுக்காக மட்டும் நினைத்த கார் இது. 2005-இல் பிரான்சில் 7,500 யூரோவுக்கு வைத்ததும் நிலைமை மாறியது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கவிருந்த குடும்பங்கள், அதே காசுக்கு 3 வருஷ வாரன்டியோடு புதுக்காரா என்று வந்தார்கள். 2009 முதல் பிரான்சில் டாச்சியா ஓனர்களுக்கு என்றே கம்பெனி பிக்னிக் நடத்தியது, ஆயிரக்கணக்கில் கூடினார்கள். விலை குறைந்த கார் வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்லும் கூட்டம் ஒன்று உருவானது.

டூஃப் சொல்வதும் ஓனர் சொல்வதும்

சரி, உண்மையில் அந்தக் கார் எப்படி உழைத்தது? இங்கேதான் ஒரு முரண் வருது.

ஜெர்மனியில் புதுக்காரை 3 வருஷம் கழித்தும், பிறகு 2 வருஷத்துக்கு ஒரு தடவையும் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். டூஃப் அமைப்பு அதன் முடிவுகளை வருஷா வருஷம் அறிக்கையாக வெளியிடுகிறது. அதில் லோகன் பல வருஷம் கடைசி இடங்களில்தான் இருந்தது. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் இணைப்புகள், பிரேக் என்று குறைகள். ஆனால் ஓனர்களோ திருப்தியாகத்தான் பேசினார்கள், திரும்பவும் டாச்சியாவே வாங்கினார்கள்.

யார் பொய் சொல்றாங்க? யாருமே இல்லை. ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தை அளக்கிறாங்க. டூஃப் பார்ப்பது அன்றைக்குக் காரின் நிலை. கம்பெனி காரோ லீஸ் காரோ, சர்வீஸ் சென்டரில் தேய்ந்ததெல்லாம் மாற்றிய பிறகுதான் பரிசோதனைக்கு வரும். காசைக் கணக்குப் பார்த்து கார் வாங்கினவர் சர்வீஸையும் கணக்குப் பார்த்துத்தான் செய்வார். "பரிசோதனையில் என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு மாத்திக்கலாம்" என்று நேராகக் கொண்டுபோவார். கடைசி இடத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதுக்காகக் காரை முழுசா விடுவிச்சிட முடியாது. புஷ், ஜாயின்ட் மாதிரி தேயும் பாகங்களில் சிக்கனம் செய்தால் அது 4, 5 வருஷத்தில் தெரியத்தான் செய்யும். ஆனால் ஓனருக்கு அவை சின்னச் செலவுகள். இன்ஜின் நின்றால்தான் அவர் கணக்கு உடையும். லோகனின் பழைய 8 வால்வு பெட்ரோல் இன்ஜின்கள் அவ்வளவு சுலபத்தில் நிற்பவை இல்லை.

ஒரகடம் வழியாக

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2007-இல் மஹிந்திராவும் ரெனோவும் கூட்டாக இங்கே விற்ற லோகன், இதே கார்தான். ரெனோ விலகிய பிறகு 2011-இல் அது மஹிந்திரா வெரிட்டோ ஆனது. டாக்ஸியாக நிறைய ஓடியது. பின் சீட்டில் மூணு பேர் இடிக்காமல் உட்கார்ந்து போன வெள்ளை டாக்ஸி ஞாபகம் இருக்கா? அதேதான்.

2012-இல் வந்த ரெனோ டஸ்டர், ஐரோப்பாவில் டாச்சியா டஸ்டர். அங்கே அது சிக்கனக்காரர் வண்டி. இங்கே 7.19 லட்சத்தில் தொடங்கி, ஆசைப்பட்டு வாங்கும் எஸ்யூவி. அதே உடம்பு, வேற மரியாதை. அது தயாரானது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில். பிரிட்டனில் நம்மைப் போல வலது பக்க ஸ்டீயரிங் என்பதால், அங்கே முதலில் விற்ற டாச்சியா டஸ்டர்களும் ஒரகடத்திலிருந்தே கப்பலேறின. பெயிண்டும் துருவும் பற்றி அந்த ஆரம்பகால வண்டிகளின் பிரிட்டிஷ் ஓனர்கள் புகார் சொன்னார்கள். நம்ம ஊரு வேலைன்னு நாம பெருமைப்படும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

லோகன் வரிசையை வளர்த்த ஜெரார் டெதுர்பே என்ற இன்ஜினியர், பிறகு சென்னைக்கே வந்து தங்கி, அதே சிக்கன முறையில் இன்னொரு காரை உருவாக்கினார். அதுதான் 2015-இல் வந்த க்விட். அதன் எலெக்ட்ரிக் வடிவத்தைச் சீனாவில் தயாரித்து, டாச்சியா ஸ்பிரிங் என்று ஐரோப்பாவில் விற்றார்கள்.

கணக்கு உதைக்கும் இடம்

இல்லாத பாகம் ரிப்பேர் ஆகாதுன்னு சொன்னேன். ஆனால் இல்லாத பாகம் உயிரையும் காப்பாத்தாது. 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத க்விட்டுக்குக் கிடைத்தது பூஜ்ஜிய ஸ்டார். 2021-இல் யூரோ என்கேப் சோதனையில் ஸ்பிரிங்குக்கு ஒரே ஒரு ஸ்டார். அதே வருஷம் சாண்டெரோவுக்கு ரெண்டு. தானாகவே ஆபத்தைத் தவிர்க்க உதவும் நவீன கருவிகள் குறைவு என்பது அதில் பெரிய காரணம். பவர் விண்டோவை விடுவதும் ஏர்பேக்கை விடுவதும் பில்லில் ஒரே மாதிரி மிச்சமாகத்தான் தெரியும். ரோட்டில் அப்படி இல்லை.

சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. 2012-க்குப் பிறகு ரெனோ குழுமத்தின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் டஸ்டர், லாட்ஜி போன்ற டாச்சியாக்களுக்கும் வந்தது. அளவுக்கு மீறி ஆயில் குடிக்கிறது என்று பிரான்சில் ஓனர்கள் சேர்ந்து வழக்கு வரைக்கும் போனார்கள். தேறிய பழைய இன்ஜினை மட்டும் வைக்கும் லோகனின் விதியை மீறியபோது வந்த வினை என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

இருந்தும் 2024-இல் ஐரோப்பாவில் மிக அதிகம் விற்ற கார் எது தெரியுமா? டாச்சியா சாண்டெரோ. பணக்கார நாடுகள் நிறைந்த கண்டத்தில்!

அதனால "விலை கம்மியா இருக்கே, நம்பலாமா?"ன்னு கேட்காதீங்க. ஷோரூமில் மூணு கேள்வி கேளுங்க. இந்த விலைக்காக எதை விட்டிருக்காங்க? எதை மட்டமா செஞ்சிருக்காங்க? கெட்டுப்போனா என் ஊர்ல யார் சரிபண்ணுவாங்க? விட்டது வசதி என்றால் தைரியமா வாங்குங்க. விட்டது ஏர்பேக், பிரேக் மாதிரி உயிர் சம்பந்தப்பட்டது என்றால், அடுத்த வேரியன்ட்டுக்குக் காசு சேரும் வரை ஆறு மாசம் பொறுங்க.