புத்தகம் விற்க ஒரு அலமாரி: ஸ்வீடன், 1949

இந்த எபிசோடில் லேசா எக்கோ கேட்டா மன்னிச்சிடுங்க. என் பெட்ரூம் சுவரில் இருந்த புத்தகங்கள் எல்லாம் இப்போ தரையில் கிடக்கு. இத்தனை நாளா எக்கோவை உறிஞ்சிக்கிட்டு இருந்தது அவைதான்.

போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சத்தம். எழுந்து பார்த்தா அலமாரி கீழே. அலமாரின்னு சொல்றதே பெரிய வார்த்தை. ஒரு பலகை, அடியில் ரெண்டு எல் ஆங்கிள், மேலே தாத்தாவின் புத்தகங்கள். என் ஃப்ளாட்டில் உள்சுவர் ஏஏசி பிளாக். ரஸ்க் மாதிரி இருக்கும், சாதாரண பிளக் அதில் பிடிக்காது. விழுந்த பிறகுதான் எனக்கு இது தெரிஞ்சது. ஹவுஸ் ஓனர் வந்து பார்த்துட்டு, "தம்பி, இனிமே நாலு ஓட்டைக்கு மேல கூடாது"ன்னு கறாரா சொல்லிட்டார். அம்மா போனில், "எல்லாத்தையும் பெட்டியில போட்டு லாஃப்ட்ல ஏத்திடுடா"ன்னாங்க.

அதை மட்டும் என்னால செய்ய முடியல. தாத்தா இறந்த பிறகு ஊரில் அவர் புத்தகங்களைப் பரணில்தான் ஏத்தி வெச்சோம். மூணு வருஷம் யாரும் எட்டிப் பார்க்கல. பார்த்தப்போ பாதிக்கு மேல கரையான் அரிச்சிருந்தது. மிஞ்சினது 41. அதைத்தான் சென்னைக்குக் கொண்டு வந்தேன். அதனால எனக்குத் திறந்த அலமாரிதான் வேணும், நாலே ஓட்டையில். இப்படித் தேட ஆரம்பிச்சு 1949 ஸ்வீடனில் போய் நின்னேன்.

அந்தக் கால ஸ்வீடனை இன்றைய பணக்கார நாடா நினைச்சுக்காதீங்க. இரண்டாம் உலகப் போரில் அந்த நாடு நடுநிலை வகித்தது. ஆனாலும் வீட்டுப் பஞ்சம் இருந்தது. கிராமங்களிலிருந்து ஜனங்கள் நகரங்களுக்கு வந்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு ரூம், ஒரு கிச்சன், அதில் ஒரு முழுக் குடும்பம் என்பது அங்கே சாதாரணம். நம்ம ஒன் பிஹெச்கே கதைதான்.

அந்த வருஷம் பொன்னியர் என்ற பெரிய பதிப்பகம் ஒரு டிசைன் போட்டி அறிவிச்சது. புத்தகத்துக்கு இல்ல, புத்தக அலமாரிக்கு! மலிவு விலையில் மக்களுக்கான நூல் வரிசை ஒன்றை அவங்க விற்றுக்கிட்டு இருந்தாங்க. வாங்கறவங்க வீட்டில் அதை வைக்க இடம் வேணுமே? மர பீரோ விலை அதிகம், கனம் அதிகம், பாதி ரூமை அதுவே சாப்பிட்டுடும். ஆக பதிப்பகம் கேட்டது இதுதான்: விலை குறைவா, அனுப்ப எளிதா, வீட்டிலேயே பூட்டிக்கிற மாதிரி ஒரு அலமாரி. மொத்தம் 194 டிசைன்கள் வந்தன. பரிசு வாங்கினவர் நிஸ்ஸே ஸ்ட்ரின்னிங் என்ற இளம் ஆர்க்கிடெக்ட். இன்று அந்த டிசைனோடு அவர் மனைவி கைசாவின் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதன் முன்கதை. ஸ்ட்ரின்னிங் அதுக்குச் சில வருஷம் முன்னாடி டிசைன் பண்ணினது பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்ட். இரும்புக் கம்பி மேல பிளாஸ்டிக் பூசினா தண்ணி பட்டாலும் துருப்பிடிக்காது. அந்தக் கம்பியை அப்படியே சிங்க் பக்கத்திலிருந்து எடுத்துட்டு வந்து ரெண்டு ஒல்லியான ஏணி செஞ்சார். சுவரில் ஏணிகளை மாட்டி, நடுவில் பலகைகளைச் செருகினார். அவ்வளவுதான். பேர் ஸ்ட்ரிங். நாங்க கோட் எழுதுறப்போ பழைய ப்ராஜெக்டிலிருந்து ஒரு லைப்ரரியைத் தூக்கிட்டு வர்ற மாதிரி. நியூயார்க்கில் புதுசா கட்டின ஐ.நா. தலைமையகத்துக்கும் இந்த அலமாரி போச்சு. 1954இல் மிலான் ட்ரியன்னாலே கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிச்சு.

இது ஏன் விழாமல் நிற்குதுன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டேன். 15 செ.மீ. ஆழமுள்ள தட்டில் 10 கிலோ புத்தகம்னு வெச்சுக்கோங்க. எடை சராசரியா சுவரிலிருந்து 7.5 செ.மீ. தள்ளி இறங்குது. என் எல் ஆங்கிளின் சுவர்ப்பக்கக் கை 10 செ.மீ. தான். அப்போ மேல் திருகுகளைச் சுவரிலிருந்து பிடுங்குகிற இழுப்பு மொத்தமா ஏழரை கிலோ. அதே தட்டு 50 செ.மீ. உயர ஏணியில் இருந்தா ஒன்றரை கிலோ. மூணு தட்டு நிறைய அடுக்கினாலும் நாலரைதான்! கீழ்நோக்கி இறங்கற எடை குறையாது, அது வேற. ஆனா என் சுவரில் திருகைப் பிடுங்கினது அந்த இழுப்புதான்.

இனி அழகு விஷயம். இன்ஸ்டாகிராமில் ஓப்பன் ஷெல்ஃப்னா ரெண்டு செடி, ஒரு மெழுகுவத்தி, முதுகைத் திருப்பி வெச்ச புத்தகங்கள். எனக்கு அது பிடிக்கல. ஸ்ட்ரிங் அழகா இருக்கக் காரணம், அது கண்ணில் படாததுதான். கம்பிக்கு நடுவில் சுவர் தொடர்ந்து தெரியுது, அதனால சின்ன ரூம் இன்னும் சின்னதா ஆகல. 2005இல் வந்த அதன் குட்டி வடிவத்தின் ஆழம் வெறும் 15 செ.மீ. நம்ம டெமி சைஸ் புத்தகத்தின் அகலம் 14. இதுக்கு மேல ஆழம் கொடுத்தா முன்னாடி மிச்சமாகற இடத்தில் சாவி, சார்ஜர், பில் எல்லாம் குடியேறிடும். என் பழைய பலகையில் அதுதான் நடந்தது.

கிச்சனில் மட்டும் கொஞ்சம் யோசிங்க. நம்ம தாளிப்புப் புகையில் ஒரு வாரம் சும்மா இருக்கிற பாத்திரம் பிசுபிசுன்னு ஆயிடும். தினமும் கை படுற தட்டு, டம்ளர் மட்டும் வெளியே இருக்கட்டும். நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டில் இருக்கிறதும் அதுதானே.

ஒரிஜினலை இறக்குமதி செய்யற பட்ஜெட் எனக்கு இல்ல. எங்க தெரு கிரில் பட்டறையில் ரெண்டு கம்பி ஏணி சொல்லியிருக்கேன். ஏஏசி சுவருக்கான பிளக் தனியா கிடைக்குது, வாங்கியாச்சு. ஏணிக்கு மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு மொத்தம் நாலு ஓட்டை. சனிக்கிழமை மாட்டறேன். தாத்தாவின் 41 புத்தகமும் ஏறினதும் போட்டோ முதலில் அம்மாவுக்கு, அடுத்தது ஹவுஸ் ஓனருக்கு. எக்கோ போயிடுச்சான்னு அடுத்த எபிசோடில் நீங்களே சொல்லுங்க.