ஏடு மாறினும் பாடம் நிற்க

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ரயிலேற விரும்புவோர் மேற்கே இறங்கித் திருப்பத்தூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ வரவேண்டும். சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை ஜோலார்பேட்டையில்தான் பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரிகிறது. அங்கு வந்து நிற்கும் மின்சார என்ஜின்களின் இரும்புடலைக் கண்டு வியக்கிறோம். ஆனால் அவ்வுடலின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பவை உள்ளே மறைந்திருக்கும் சிறு வில்லைகளே.

25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் என்ஜின்கள் முதன்முதலாக 1959–60இல் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தன. கம்பியில் வருவது மாறுதிசை மின்சாரம். அன்றைய மோட்டார்கள் வேண்டியதோ நேர்திசை. இடைநின்று மாற்றித் தந்தது இக்னைட்ரான் எனும் பாதரசக் கலம். 1970களில் சித்தரஞ்சன் ஆலை கட்டிய டபிள்யூ.ஏ.எம்.-4 என்ஜின்களில் அப்பணியைச் சிலிக்கான் டயோடு ஏற்றது. பாதரசத்தின் காலம் உலகெங்கும் மெல்ல முடிந்தது. நியூசிலாந்தின் இரு தீவுகளை இணைக்க 1965இல் அமைத்த பாதரச வால்வுகள் 2012 ஆகஸ்டில் நிரந்தரமாக ஓய்ந்தன.

அடுத்த மாற்றம் 1993இல் ஏ.பி.பி. நிறுவனத்துடன் ரயில்வே செய்த ஒப்பந்தத்தால் விளைந்தது. 1995–96இல் வந்த டபிள்யூ.ஏ.பி.-5, டபிள்யூ.ஏ.ஜி.-9 என்ஜின்களில் ஜி.டி.ஓ. தைரிஸ்டர்கள் இருந்தன. ஓடும் மின்சாரத்தை நிறுத்த ஜி.டி.ஓ.வின் வாயிலில் பெரும் எதிர்மின்னோட்டம் செலுத்த வேண்டும். பின்வந்த ஐ.ஜி.பி.டி.க்குச் சிறு மின்னழுத்தமே போதும். உலகம் அதன் பக்கம் சாய்ந்தது, ஜி.டி.ஓ. செய்வோர் அருகினர். என்ஜினுக்கோ இன்னும் பல்லாண்டு ஆயுள் இருந்தது.

இந்நிலையில் பராமரிப்போர் முன் மூன்று வழிகள் உண்டு. ஆலை மூடுமுன் மொத்தமாக வாங்கி அடுக்கிவைப்பது முதல் வழி. ஆனால் மின்பகு மின்தேக்கி போன்றவை அலமாரியில் இருந்தபடியே கெட்டுப்போகும். ஓய்ந்த எந்திரத்திலிருந்து கழற்றி ஓடும் எந்திரத்துக்குப் பூட்டுவது இரண்டாவது. இதன் நிழலில், பழையதை மெருகேற்றிப் புது எண் பொறித்து விற்கும் வணிகமும் வளர்கிறது. மூன்றாவது, மாற்றியமைப்பது. ஜி.டி.ஓ. இருந்த இடத்தில் ஐ.ஜி.பி.டி.யை அப்படியே செருகிவிட முடியாது. வாயிலை இயக்கும் சுற்று, பாதுகாப்புச் சுற்று, கட்டுப்பாடு எல்லாம் கூடவே மாறவேண்டும். பழைய என்ஜின்களின் மின்மாற்றுப் பெட்டிகளையே ஐ.ஜி.பி.டி. வகைக்கு மாற்றும் இவ்வழியை ரயில்வே மேற்கொண்டது.

இது நமக்குப் புதிய கதையன்று. ஓலைக்கு ஆயுள் குறைவு என்றறிந்த நம் முன்னோர், பழைய ஏடு பொடியுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, பல சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ஏடு அழிந்தாலும் பாடம் தெரிந்தால் நூல் பிழைக்கும். பாடம் தொலைந்தபின் எஞ்சுவது வெற்றோலை.

எந்திரத்தின் பாடம் அதன் வரைபடம். 1993 ஒப்பந்தத்தின் பெறுமதி, என்ஜின்களோடு தொழில்நுட்பத்தையும் கேட்டு வாங்கியதில் இருக்கிறது. 1998 முதல் சித்தரஞ்சனில் அவ்வகை என்ஜின்களைக் கட்டிய கைகளுக்கு அவற்றின் உள்ளமைப்பு தெரிந்திருந்தது. வரைபடமின்றி இறக்குமதி எந்திரம் வாங்கிய சிறு நூற்பாலைக்கு அந்த வாய்ப்பில்லை. ஒரு வில்லை கிடைக்காமற்போனால் நல்ல மோட்டாரும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதை நம்பிய கூலியும் நிற்கும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 1,765 கி.மீ. நீளும் நேர்திசை மின்தடம் 2020–21இல் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 6,000 மெகாவாட். அங்குள்ள தைரிஸ்டர்களும் ஒருநாள் கிடைத்தற்கரியன ஆகும். அந்நாளில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களையும் படிக்க வேண்டிய ஏடுகளையும் இன்றே சேர்த்துவைப்பது நம் தலைமுறையின் கடன்.