ஹாம்பர்க் ஃப்ரீசர்ஸ்

ஹாம்பர்க் ஃப்ரீசர்ஸ், வட ஜெர்மனியின் துறைமுக நகரான ஹாம்பர்கில் 2002 முதல் 2016 வரை இயங்கிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி. ஜெர்மனியின் முதல்நிலைத் தொடரான டி.இ.எல். லீகில் ஆடியது. இந்த அணியின் வரலாறு ஹாம்பர்கில் தொடங்கவில்லை. லீகில் ஆடுவதற்கான ஒரே உரிமம் பவேரியாவில் புறப்பட்டு, இரண்டு ஊர்களைக் கடந்து அங்கே வந்து சேர்ந்தது. அந்தப் பயணத்தை அறியாமல் அணியின் முடிவை விளங்கிக்கொள்ள முடியாது.

மியூனிக்கின் வடகிழக்கே, ஈசார் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம் லாண்ட்ஸ்ஹூட். 1948இல் தோன்றிய அதன் ஈ.வி. லாண்ட்ஸ்ஹூட் கழகம் 1970, 1983 ஆண்டுகளில் ஜெர்மன் பட்டம் வென்றது. அலோயிஸ் ஷ்லோடர், எரிக் கியூன்ஹாக்கல் போன்ற ஆட்டக்காரர்களைத் தேசிய அணிக்குத் தந்த ஊர் அது. 1994இல் பழைய ஐஸ் ஹாக்கி பன்டஸ்லிகாவின் இடத்தில் டி.இ.எல். வந்தபோது ஆட்டத்தின் கணக்கே மாறியது. லீகில் இடம் என்பது இனி ஓர் உரிமம். அதை வைத்திருப்பது ஒரு நிறுவனம். விற்கவும் வாங்கவும் முடியும். பணச்சுமை தாளாத லாண்ட்ஸ்ஹூட் 1999இல் தன் உரிமத்தை விற்றது. வாங்கியது அமெரிக்கக் கோடீஸ்வரர் பிலிப் ஆன்ஷுட்ஸின் குழுமம். லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் பங்கு வைத்திருந்த அதே குழுமம், அதே காலத்தில் ஐஸ்பேரென் பெர்லின் அணியையும் எடுத்துக்கொண்டது.

உரிமம் மியூனிக்குக்குப் போய் ‘மியூனிக் பாரன்ஸ்’ ஆனது. பயிற்சியாளர் ஷான் சிம்ப்சனின் கீழ் முதல் ஆண்டிலேயே, 2000இல், இறுதியில் கொலோன் அணியை வீழ்த்தி பட்டம் வென்றது. அடுத்த ஆண்டும் இறுதிக்கு வந்து மான்ஹைமிடம் தோற்றது. ஆட்டத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஆடிய இடம் ஒலிம்பிக் பூங்காவின் பழைய ஐஸ் அரங்கு. சுமார் 6,000 பேருக்கு மேல் கொள்ளாது. அதை வைத்து ஆன்ஷுட்ஸ் குழுமத்தால் லாபக் கணக்குப் போட முடியவில்லை. பட்டம் வென்ற இரண்டே ஆண்டில் அந்த அணியும் மூட்டை கட்டியது; உரிமம் ஹாம்பர்குக்குப் போய் ஃப்ரீசர்ஸ் ஆனது.

அந்த நேரத்தில் ஹாம்பர்கில், கால்பந்து மைதானமான ஃபோல்க்ஸ்பார்க் அருகே, ஃபின்லாந்துத் தொழிலதிபர் ஹாரி ஹார்க்கிமோ பெரிய உள்ளரங்கு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐஸ் ஹாக்கிக்கு ஏறத்தாழ 13,000 பேர் அமரலாம். நார்வேக் கப்பல் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி ‘கலர் லைன் அரேனா’ என 2002 நவம்பரில் திறக்கப்பட்டது. சீசன் செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டதால், புது அணியைப் புது அரங்கில் பார்க்க ஹாம்பர்க் ரசிகர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கச்சேரிக்கும் ஹேண்ட்பாலுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் பொதுவான கூடம் அது. ஒரு நாள் பனித்தளத்தின் மேல் பலகை விரித்து மேடை போடுவார்கள். மறுநாள் பலகையைப் பெயர்த்துவிட்டு, ஃப்ரீசர்ஸ் சறுக்கிவரத் தளத்தை ஆயத்தம் செய்வார்கள். கால்பந்துதான் உயிர் என்றிருந்த ஊரில் ஐஸ் ஹாக்கிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்தது சின்ன விஷயமல்ல.

ஆனால் பட்டம் கைகூடவில்லை. டேவ் கிங், பெனுவா லபோர்ட், செர்ஜ் ஓபன் என்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். அணி ஒருமுறைகூட இறுதிக்குப் போகவில்லை. மிக அருகில் வந்தது 2013–14 சீசனில். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த ஃப்ரீசர்ஸ், ஒன்பதாவதாக முடித்த இங்கோல்ஸ்டாட்டிடம் அரையிறுதியில் வீழ்ந்தது. அந்த இங்கோல்ஸ்டாட்தான் பட்டத்தையும் வென்றது. 2011 அக்டோபரில் அதே குழுமத்தின் அணியான லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுடன் ஹாம்பர்கில் நடந்த காட்சி ஆட்டமும் ரசிகர்கள் மறக்காத ஒன்று.

2016 மே 18 அன்று, அடுத்த சீசனுக்கு உரிமம் கோரப்போவதில்லை என்று உரிமையாளர் அறிவித்தார். ஆண்டுதோறும் நட்டம், கூட்டாளி தேடியும் கிடைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 24. எஞ்சியது ஒரு வாரம்கூட இல்லை. அணித்தலைவர் கிறிஸ்டோஃப் ஷூபர்ட் மியூனிக்கில் பிறந்தவர், இளம் வயதில் பாரன்ஸுக்கு ஆடியவர், ஒட்டாவா செனட்டர்ஸுடன் 2007இல் வட அமெரிக்க லீகின் ஸ்டான்லி கோப்பை இறுதிவரை சென்று 2010இல் ஃப்ரீசர்ஸுக்கு வந்தவர். அவரே இறங்கி இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கினார். ஒரு நாளைக்குள் 5 லட்சம் யூரோ சேர்ந்தது. கெடு முடிவதற்குள் தொகை 10 லட்சத்தைத் தாண்டியது. உரிமையாளர் மனம் மாறவில்லை. ஓர் ஊரே கைகொடுக்க முன்வந்தும் அணியைக் காப்பாற்ற முடியவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் பகுதி. லாண்ட்ஸ்ஹூட்டில் விற்க முடிந்ததும் மியூனிக்கிலிருந்து பெயர்க்க முடிந்ததும் ஹாம்பர்கில் மூட முடிந்ததும் ஒரே ஏற்பாட்டினால்தான்: அணி ரசிகர்களுடையதாக ஒருநாளும் இருக்கவில்லை.

அதே அரங்கில் ஆடிவந்த ஹாம்பர்க் ஹேண்ட்பால் அணி சில மாதங்களுக்கு முன்புதான் திவாலாகி லீகிலிருந்து விலகியிருந்தது. அரையாண்டுக்குள் அந்தக் கூடம் தன் இரண்டு அணிகளையும் இழந்தது. ஷூபர்ட் ஊரை விட்டுப் போகவில்லை. ஃபார்ம்சன் பகுதியில் ஆடும், மூன்றாம் நிலையிலிருந்த குரோக்கடைல்ஸ் ஹாம்பர்க் அணியில் சேர்ந்தார்.

ஃப்ரீசர்ஸ் விட்டுப்போன டி.இ.எல். இடம் பிரெமர்ஹாஃபனின் ஃபிஷ்டவுன் பிங்குவின்ஸ் அணிக்குக் கிடைத்தது. அந்தச் சிறு துறைமுக நகரம் 2024இல் இறுதிப்போட்டி வரை சென்றது. மியூனிக்கில் ஈ.எச்.சி. மியூனிக் என்ற வேறொரு கழகம் கீழிருந்து ஏறிவந்து, ஃப்ரீசர்ஸ் மூடப்பட்ட அதே 2016இல் முதல் பட்டத்தை வென்றது. உரிமத்தை இழந்த லாண்ட்ஸ்ஹூட் கீழ்நிலை லீகுகளில் மறுபடி தொடங்கி, 2012இல் இரண்டாம் நிலைப் பட்டத்தைப் பெற்றது.